இடது பக்கத்துச் சீட்டு

மதினி எந்த வண்டியிலும் வலது பக்கமாக ஏறி நான் பார்த்ததில்லை. நாமெல்லாம் விலைக்கு வந்த ஒரு காரைப் பார்த்தால் என்ன செய்வோம்? ஸ்டீயரிங் இருக்கிற பக்கமாகப் போய்க் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து அதையே ஓட்டிக்கொண்டிருப்பவர் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துப் பார்ப்போம். மதினி நேராக இடது பக்கம் போவார். செருப்பைக் கழற்றி வெளியிலேயே விடுவார். ஏறி உட்கார்ந்து, வெறுங்காலை வண்டியின் தரையில் பதித்து, இரண்டு கையையும் மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பிறகு ஒரே ஒரு வார்த்தை.

"எடுங்க."

அவ்வளவுதான். வண்டி போய்த் திரும்பி வந்து நிற்கும்வரை அவர் வாயிலிருந்து இன்னொரு சொல் வராது.

"என்ன, கோயிலுக்குள்ளயா போற? செருப்பக் கழத்திப் போடுறவ?" என்று அண்ணன் கேலி செய்வார்.

"செருப்புப் போட்டுக்கிட்டா வண்டி பேசுறது காலுக்குக் கேக்காது" என்பார் மதினி.

எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். கொஞ்ச நாள்தான் சிரித்தேன்.

மதினி என்றால், என் பெரியப்பா மகனின் மனைவி. சுருளிப்பட்டியில் அவர்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. பந்தலுக்குக் கீழே நிமிர்ந்து நடக்க முடியாத உயரம் அவருக்கு. குனிந்தபடியே நடந்து, குனிந்தபடியே வேலை வாங்குவார். பிறந்த ஊர் போடி. கோயம்புத்தூரில் தங்கி இன்ஜினியரிங் படித்தவர். ஆனால் ஊரில் யாரும் அவரை இன்ஜினியர் என்று நினைத்துக் கூப்பிட்டதில்லை. திராட்சையில் செவட்டை நோய் விழுந்தால் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் பழைய வண்டி வாங்கப் போகும்போது கூப்பிடுவார்கள். மற்றவர்கள் மெக்கானிக்கை மட்டும் கூட்டிப்போவார்கள். எங்கள் சொந்தத்தில் மெக்கானிக்கோடு மதினியும் போவார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுப்பார், மதினி இடது பக்கம் உட்காருவார். இரண்டு பேரும் வேறு வேறு சொன்னால் மதினி சொன்னதைத்தான் கேட்பது.

அவருக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும். லைசென்ஸும் இருந்தது. ஆனாலும் ஓட்ட மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓட்டுறவன் கையில ஸ்டீயரிங் இருக்கு, கால்ல பிரேக் இருக்கு. அவனுக்கு எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் கொழுந்தனாரே. பக்கத்துல உக்காந்திருக்கவுக கையில என்ன இருக்கு? நம்பிக்கை ஒண்ணுதான் இருக்கு. அங்கன உக்காந்துதான் வண்டியப் பத்திச் சொல்லணும்."

என் காரில் இடது பக்கம் உட்கார்ந்து வருகிற என் மனைவி எதற்காகக் கதவுப் பிடியை அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

அண்ணன் திராட்சைப் பெட்டி ஏற்றுவதற்கு ஒரு பிக்கப் வண்டி பார்த்தார். கடமலைக்குண்டில் ஒரு காய்கறி வியாபாரியிடம் இருந்தது. புதுப் பெயின்ட், புது டயர், ஓட்டினால் பூனை மாதிரி சத்தம். மெக்கானிக் சரி என்றுவிட்டார். மதினி வழக்கம்போல ஏறி உட்கார்ந்து, வருசநாட்டு ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு வியாபாரியிடம் கேட்டார்.

"அண்ணே, இதுல என்ன ஏத்துனீக?"

"தக்காளிதான் தாயி. தக்காளி, கத்திரிக்கா."

"தக்காளி ஏத்துன வண்டி மேடு ஏறும்போது இப்படி அலுத்துக்கிறாதே. இது கல்லு ஏத்துன வண்டி."

வியாபாரி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார், பிறகு பூமியைப் பார்த்தார். தனக்கு முன்னால் வைத்திருந்தவர் கல்குவாரியில் ஓட்டினார் என்று ஒப்புக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "நீங்க இத வாங்க வேணாம் தாயி. ஆனா நான் அடுத்த வண்டி வாங்கும்போது வந்து ஒருக்கா உக்காந்து சொல்லிப்புட்டுப் போகணும்" என்றார். மதினியும் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

எல்லாம் தெரிந்தவர் என்று சொல்ல மாட்டேன். என் மைத்துனனுக்கு அவர் பார்த்துக் கொடுத்த ஸ்கூட்டர் ஒரு மாதம்கூட ஒழுங்காக ஓடவில்லை. கேட்டதற்கு, "ரெண்டு சக்கரத்துக்கெல்லாம் என் வாக்குச் செல்லாதுப்பா. அதுல இடது பக்கமே இல்லையே" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். தோற்றுப்போனாலும் அந்த அம்மாளுக்குச் சிரிக்க வரும்.

நான் சிரிப்பதை நிறுத்தியது குமுளி மலையில். ஓர் ஆவணி மாதம், சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம் முடிந்து சாப்பிட்டுவிட்டு வேனில் இறங்கிக்கொண்டிருந்தோம். மத்தியான வேளைதான். மலையில் பாதிகூட இறங்கவில்லை, மூடுபனி வந்து வேனை அப்படியே விழுங்கிவிட்டது. வைப்பர் போட்டாலும் வெள்ளை, விளக்குப் போட்டாலும் வெள்ளை. டிரைவர் திண்டுக்கல்காரர், மலை ரோட்டுக்குப் புதியவர். நடு ரோட்டிலேயே நிறுத்திவிட்டார். பின்னால் லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் ஹாரன் கேட்கிறது, ஆனால் எங்கே வருகின்றன என்று தெரியவில்லை. வேனுக்குள் குழந்தைகள் உட்பட இருபது பேர். என் மனைவி சாமி பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

மதினி எழுந்து முன்னால் போய் டிரைவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார்.

"தம்பி, நிக்காதீக. பின்னால வர்றவனுக்கு நாம தெரிய மாட்டோம். முதல் கியர்ல விடுங்க. நான் சொல்றேன்."

"ஒண்ணுமே தெரியலக்கா."

"எனக்குந்தான் தெரியல. ரோடு எங்கனயும் போயிறாது, இருக்கிற எடத்துலதான் இருக்கும். விடுங்க."

வேன் நகர்ந்தது. மதினியின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பந்தலுக்கு அடியில் வேலை வாங்கும்போது கேட்கிற அதே சாதாரணக் குரல். "நேரா... நேரா... இப்ப வலது, நல்லா ஒடிங்க... விடுங்க. கொஞ்சம் நேரா. இப்ப இடது வரும், இது நீளமான வளைவு, அவசரப்படாதீக... இரைச்சல் கேக்குதா? பாலம் வந்துருச்சு. பாலம் தாண்டுனதும் வலது." அவர் சொல்லச் சொல்ல, சொன்ன இடத்தில் சொன்ன வளைவு வந்தது. நான் பின்னாலிருந்து எட்டி அவர் முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் புல்லரிக்கிறது.

லோயர்கேம்ப் வந்ததும் பனி விலகி வெயில் அடித்தது. டிரைவர் வேனை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய் டீ வாங்கிவந்தார். எங்கள் யாருக்கும் இல்லை, மதினிக்கு மட்டும். இரண்டு கையாலும் நீட்டினார்.

அன்றைக்குத்தான் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். கல்லூரியில் படித்த காலத்தில் மதினி கார் ராலிப் பந்தயத்துக்குப் போனவராம். மதினியின் தம்பி ஓட்டுவாராம், மதினி பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வளைவு எப்படி என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டே வரவேண்டுமாம். மடியில் இருக்கிற குறிப்பைப் படிப்பதற்கே நேரம் சரியாக இருக்குமாம், நிமிர்ந்து ரோட்டைப் பார்க்க முடியாதாம். வண்டி எங்கே போகிறது என்பதை உட்கார்ந்த இடமும் காலும்தான் சொல்லுமாம். குமுளி ரோட்டு வளைவெல்லாம் ஏறி இறங்கி ஏற்கெனவே அவருக்கு மனப்பாடமாம். இதைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத்தான் அண்ணனுக்கே தெரியும்.

"என்னைய என்ன, பழைய வண்டி மாதிரி பேப்பரெல்லாம் பாத்தா வாங்குனீக?" என்று மதினி அண்ணனைக் கேட்டார். வேனில் இருந்த இருபது பேரும் சிரித்தோம். சிரிப்பை விட உயிர் பிழைத்த சந்தோஷம்தான் அதில் அதிகம்.

அப்படிப்பட்டவரை நான் பெரியகுளத்துக்குக் கூட்டிப்போனேன்.

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். நாற்பதைத் தாண்டி, கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிற, தொப்பை விழுந்த ஓர் ஆளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை வந்தது. பெரியகுளத்துக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் குழாய் போட அளவெடுக்கப் போயிருந்தேன். தோப்பு வீட்டு ஷெட்டில் அது நின்றிருந்தது. பழுத்த மாம்பழ மஞ்சள். உயரம் என் இடுப்புக்குக் கீழே. கூரை கிடையாது. சீட்டு இரண்டே இரண்டுதான். உள்ளே உட்கார்ந்து கையை வெளியே தொங்கவிட்டால் தரையில் கிடக்கிற மாவிலையைப் பொறுக்கலாம். அளவெடுக்கிற டேப்பைக் கையில் பிடித்தபடி நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் ஃபைபர் பாடியையும் இரும்புக் குழாய்களையும் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து, பழைய கார் ஒன்றின் இன்ஜினைப் போட்டு, அந்த ஷெட்டிலேயே தன் கையால் பூட்டிய வண்டியாம். "வயசாயிருச்சு தம்பி. குனிஞ்சு ஏற முடியல. குடுத்துரலாம்னு இருக்கேன்" என்றார். எனக்கு அங்கேயே தாலி கட்டியது மாதிரி ஆகிவிட்டது.

ஆர்.சி. புத்தகம் சரியாக இருந்தது. வண்டியின் சேஸிஸில் அடித்த எண்ணும் அதிலிருந்த எண்ணும் ஒத்துப்போயின. ஆனால் வண்டியைப் பூட்டிய கதைக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எந்தக் குழாய் எங்கே வாங்கியது, எப்போது எதை மாற்றியது, ஒரு பில்லும் கிடையாது, ஒரு போட்டோவும் கிடையாது. பட்டறையும் மூடி வெகு காலம் ஆகிறதாம். எங்கள் மெக்கானிக் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி வண்டிய நான் கண்ணால பாத்ததே இல்லண்ணே, என்னைய விட்ருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

என் மனைவி கேட்டதும் நியாயமான கேள்விதான். "ரெண்டே சீட்டு. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு எனக்கா, எமனுக்கா? மதினி வந்து அந்த சீட்டுல உக்காந்து பாக்கட்டும். அவுக சரின்னு சொன்னா நானும் உக்காருறேன். இல்லைன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்ருங்க."

ஆக, மஞ்சள் வண்டி எனக்கா இல்லையா என்பது மதினி வாயில் இருந்தது. திரும்பும்போது அந்த வண்டியிலேயே வந்துவிடலாம் என்ற நினைப்பில் நானும் மதினியும் பஸ்ஸில் போனோம். எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

வீட்டுக்காரர் வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். மோர் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரேதான். அவர் மனைவி வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் தூணைப் பிடித்து எழுந்து, "வாங்க" என்று இரண்டடி வந்தார். நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மதினி மோரைக் குடித்துக்கொண்டே அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல். வண்டியைப் பார்க்கச் சொல்லிக் கூட்டிவந்தால் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே!

வீட்டுக்காரர் முன்பக்க மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. இன்ஜினில் முகம் பார்க்கலாம். வண்டிக்கு எலும்புக்கூடு மாதிரி இரண்டு பக்கமும் ஓடுகிற கறுப்பு இரும்புக் குழாய்களில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மட்டும் அப்படியே காய்ந்து கிடந்தன. எனக்கு அதைப் பார்த்ததும் இன்னும் சந்தோஷம். பக்தியுள்ள மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். மதினி வலது பக்கக் குழாயைக் குனிந்து பார்த்தார். சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து அதையும் பார்த்தார்.

"ஐயா, வருசா வருசம் பொட்டு வைப்பீகளா?"

"விடுவேனாம்மா? வண்டியப் பூட்டுன வருசத்துலருந்து வைக்கிறேன். ரெண்டு பக்கமும்."

"மத்ததெல்லாம் இம்புட்டுச் சுத்தமாத் தொடச்சிருக்கீக. இதத் தொடைக்கலையே?"

"பூசை வச்ச பொட்ட யாராச்சும் அழிப்பாகளாம்மா?"

"அழிக்கக் கூடாதுதான்" என்றார் மதினி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இடது பக்கம் போய்ச் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்து, கையை மல்லாக்க வைத்து, கண்ணை மூடி, "எடுங்க" என்றார்.

கும்பக்கரை ரோட்டில் விட்டேன். இரண்டு பக்கமும் மாந்தோப்பு, தலைக்கு மேலே மரம், முகத்தில் காற்று. கம்பத்தில் இருக்கிற என் கடை, குழாய், கடன்காரர்கள் எல்லாம் மறந்துபோயிற்று. ஒரு வளைவில் ஆடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். வண்டி நின்றது. ஆனால் நிற்கும்போது ஒரு மயிரிழை இடது பக்கம் ஒதுங்கியது. எனக்கு அது தெரியவே இல்லை. மதினி கண்ணைத் திறந்தார். ஓடுகிற வண்டியில் அவர் பேசி நான் கேட்டது குமுளி மலைக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

"இன்னொருக்கா போய்ப் பிரேக் போடுங்க."

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும் போட்டேன்.

"போதும். திருப்புங்க."

வாசலில் வந்து நின்றதும் வீட்டுக்காரர் ஆவலாக ஓடிவந்தார். மதினி இறங்கவில்லை. அந்தச் சீட்டில் இருந்தபடியே கேட்டார்.

"ஐயா, வண்டி எங்கனயாச்சும் அடிபட்டிருக்கா?"

"ஒரு கீறல்கூட இல்லம்மா."

"இடது பக்கம்?"

"இல்லவே இல்லம்மா."

"உங்களப் பொய் சொல்றீகன்னு சொல்லல. ஆனா வலது பக்கக் கொழாயில பொட்டு அடை அடையா ஏறிக்கெடக்கு. இடது பக்கம் நாலஞ்சு வருசத்துப் பொட்டுதான் இருக்கு. ரெண்டும் ஒண்ணாப் பொறந்திருந்தா பொட்டும் ஒண்ணாத்தான ஏறியிருக்கணும்? சீட்டும் அப்படித்தான். வலது சீட்டு உக்காந்து உக்காந்து குழிஞ்சுபோச்சு. இதுல ஆளே உக்காரல."

அதே பொட்டை நானும் பார்த்தேன். அதே குழாயைத் தொட்டுக் கண்ணில்கூட ஒற்றிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதருக்கு அந்தக் குங்குமத்தை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் அழித்திருக்க மாட்டார்கள், நானும் அழித்திருக்க மாட்டேன். அதனால்தான் அது எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

"சொல்லிருங்க. நான்தான் உசுரோட இருக்கேன்ல. சொல்லிருங்க."

அவர் சொன்னார். மழை பெய்து விட்ட ஒரு சாயங்காலம், இதே கும்பக்கரை ரோட்டில் வண்டி வழுக்கி மாமரத்தில் மோதியிருக்கிறது. இடது பக்கம் அப்படியே உள்ளே போய்விட்டது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் மனைவி. இடுப்பு எலும்பு உடைந்து மாதக் கணக்கில் படுக்கையில் கிடந்து எழுந்தாராம். இவர் உடைந்த பக்கத்தை அறுத்து எறிந்துவிட்டு, புதுக் குழாய் போட்டு, ஃபைபரையும் தானே ஊற்றி வண்டியைத் திரும்பக் கட்டியிருக்கிறார். பழைய பில், போட்டோ எல்லாவற்றையும் எரித்துவிட்டார். பார்க்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் காதில் கேட்டதாம்.

"அன்னையிலருந்து இவ அந்த வண்டிகிட்ட வந்ததே இல்லம்மா" என்றார்.

"நான் வராம இல்ல" என்றார் அந்த அம்மா. "நீங்கதான் கூப்பிடல."

நான் என்ன செய்வதென்று தெரியாமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதினி இறங்கினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிமென்டுத் தரையில் அப்படியே படுத்து, வண்டியின் இடது பக்க அடியில் கையை விட்டுத் தடவினார். பிறகு வலது பக்கம் போய் அதையும் தடவினார். எழுந்து கையைத் துடைத்தபடி சொன்னார்.

"வலது பக்கத்தவிட இடது பக்கம் கொழாய நல்லாப் பத்த வச்சிருக்கீக. வலது பக்கம் வயசுல செஞ்ச வேலை. இது பயந்து செஞ்ச வேலை. ஒரு குறையும் இல்ல. முன்சக்கரப் பிரேக்கு மட்டும் இடது பக்கம் கூடப் பிடிக்குது. அதச் சரி பண்ணுங்க."

வீட்டுக்காரர் உடனே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார். நாங்கள் வராந்தாவில் அந்த அம்மா போட்ட தயிர்ச்சோற்றையும் மாவடுவையும் சாப்பிட்டோம். முடிந்ததும் மதினி மறுபடி ஏறி உட்கார்ந்தார், நான் மறுபடி ஓட்டினேன். இந்த முறை பிரேக் போட்டதும் வண்டி நூல் பிடித்த மாதிரி நின்றது. மதினி கண்ணைத் திறக்கவே இல்லை.

"நல்ல வண்டி கொழுந்தனாரே" என்றார். "வாங்கலாம்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் பையில் கையை விட்டேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஒரே ஒரு காரியம். என் கொழுந்தன் பொண்டாட்டி இந்த சீட்டுல உக்காரப் போறவ. நீங்க சரி பண்ணுன சீட்டு. ஆனா இதுல ஆள வச்சு நீங்க இன்னும் ஒருக்காகூட ஓட்டல. நீங்களே நம்பாத சீட்டுல அவள எப்படி உக்காரச் சொல்லுவேன்? அம்மாவக் கூட்டிக்கிட்டு ஒரு நடை போயிட்டு வாங்க. வந்ததும் இவர் பணத்தக் குடுத்துட்டுக் கிளம்பிருவாரு."

"அது மட்டும் வேணாம்மா" என்றார் அவர். "நீ சொல்றதெல்லாம் சரிதான். என்னால முடியாது."

அந்த அம்மா அதற்குள் வராந்தாப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். மதினி ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். அவ்வளவு தாழ்வான சீட்டில் அந்த இடுப்போடு உட்காருவது லேசான வேலை இல்லை. முகம் சுளித்தது. ஆனாலும் உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன் மதினி அவர் காதில் ஏதோ சொன்னார், அந்த அம்மா சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றி வெளியில் விட்டார்.

"ஏங்க, ஏறுங்க" என்றார் கணவரைப் பார்த்து. "இன்னும் எம்புட்டு நாளைக்குத் தொடச்சுக்கிட்டே இருப்பீக?"

அவர் ஏறினார். வண்டியைக் கிளப்பினார். மாட்டு வண்டி வேகத்தில் தோப்புக் கேட்டைத் தாண்டி, கும்பக்கரைப் பக்கம் திரும்பினார்.

நாங்கள் காத்திருந்தோம். வாசலில் அந்த அம்மாவின் செருப்பு மட்டும் கிடந்தது. போய்வருவதற்கு ஆகிற நேரம் ஆனது, அதற்கு மேலும் ஆனது. என் மனதுக்குள் என்னென்னவோ ஓடியது. அந்த மாமரத்தைத் தாண்டும்போது அவருக்குக் கை நடுங்கினால்? போய்ப் பார்க்கலாமா என்று மதினியைக் கேட்டேன். மதினி கல் பெஞ்சில் உட்கார்ந்து, வெறுங்காலைத் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் உதடு வறண்டிருந்தது. அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் மதினி மேல் என் மரியாதை இரண்டு மடங்கானது. இத்தனை பயத்தை வைத்துக்கொண்டா அந்த வார்த்தையைச் சொன்னார்!

தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. போனபோது இருந்த மாட்டு வண்டி வேகம் இல்லை. கேட்டுக்குள் வளைந்து வந்து வாசலில் அழுத்தமாக நின்றது, ஒரு மயிரிழைகூட ஒதுங்காமல். அந்த அம்மாவின் கொண்டை அவிழ்ந்து முடி முகமெல்லாம் பறந்து கிடந்தது. மடியில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. வீட்டுக்காரருக்குக் கண் கலங்கியிருந்ததா, காற்று அடித்துச் சிவந்திருந்ததா, தெரியவில்லை.

மதினி அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு போய்க் காலடியில் வைத்தார். அந்த அம்மா இறங்கவில்லை. என்னைப் பார்த்துக் கடலையை நீட்டினார்.

"சாப்பிடுங்க தம்பி" என்றார். "நீங்க வேற வண்டி பாத்துக்கிருங்க."

அவர் கணவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக வாயைத் திறந்தார். பிறகு சிரிப்பு வந்து மூடிக்கொண்டார்.

இன்றைக்கு அண்ணனும் மதினியும் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓசூரில் மகளோடு இருக்கிறார்கள். எங்கள் பக்கம் யாராவது பழைய வண்டி வாங்கினால் மெக்கானிக் மட்டும்தான் போகிறார். என்னைக் கூப்பிட்டால் நானும் போவேன். இடது பக்கம் ஏறி, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடுவேன். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் என் மனைவி உட்காரப்போகிற சீட்டில் முதலில் நான் உட்கார்ந்து பார்க்காமல் எந்த வண்டியையும் வாங்குவதில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நான் பேசவே இல்லை. தேனி தாண்டியது, சின்னமனூர் தாண்டியது. கையில் மிச்சமிருந்த கடலையை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு வந்தேன். மதினி இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். உத்தமபாளையம் வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன் மதினி இப்படிப் பண்ணீக? வாங்கலாம்னுதான சொன்னீக. அங்கனயே பணத்தக் குடுத்திருந்தா நாம இந்நேரம் அந்த வண்டியில வந்துக்கிட்டிருப்போம்ல?"

மதினி கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"நீங்கதான வண்டி எப்படின்னு பாக்கச் சொன்னீக கொழுந்தனாரே? பாத்தேன். ரொம்ப நல்ல வண்டி."